கரப்பான் இறக்கியவரும் கறையான் ஏற்றியவரும்

இன்னாசிப்பிள்ளையைத் தாழைமுனைக் கோயில் சபையின் தலைவராக்கியது ஒரு கரப்பான் பூச்சி. பேச்சுக்குச் சொல்லவில்லை. சபைக் கூட்ட அறிக்கைக் கொப்பியிலேயே அந்தப் பூச்சிக்கென்று ஒரு வரி இருக்கிறது.

நாலு வருடத்துக்கு முந்தைய பெருநாள் பூசை. ஆயர் வந்திருந்தார். பீடத்துக்கு வலப்பக்கம் செபஸ்தியார், நாலடி உயர மரச் சுரூபம், ஏழு அம்பும் தைத்தபடி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆயர் பிரசங்கத்தின் நடுவில் இருந்தபோது, சுரூபத்தின் காலடியில் விரித்திருந்த பூத்துணிக்குள்ளிருந்து கட்டைவிரல் பருமனில் ஒரு சிவப்புக் கரப்பான் வெளிப்பட்டது. அவசரமேயில்லை அதற்கு. முழங்காலில் ஏறி, வயிற்றில் ஏறி, ஒரு அம்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, புனிதரின் கன்னத்தில் போய் இருந்துகொண்டு மீசையை ஆட்டியது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தன. ஆயர் பேச்சை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

அப்போது தலைவர் யோசேப்பு. இன்னாசிப்பிள்ளையின் மனைவி யூஜீனியாவுக்குச் சொந்த அண்ணன். சொந்தப் படகுக்கு எஞ்சின் போட்டு ஓடுகிற மனுசன், நல்ல மனம், ஆனால் எதையும் யோசித்துச் செய்கிற பழக்கம் இல்லை. எழும்பிப் போய்ப் பாட்டுப் புத்தகத்தால் ஒரு விளாசு விளாசினார். வெப்ப நாட்டுக் கரப்பான் பறக்கும் என்பது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. அது பறந்து போய் ஆயரின் தொப்பியில் இறங்கியது. அதோடு யோசேப்பின் தலைமை முடிந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் இன்னாசிப்பிள்ளை அரை மணித்தியாலம் கதைத்தார். "செபஸ்தியார்ட வீட்டைத் துப்புரவா வச்சிருக்கத் தெரியாத ஆளுக்குத் தலைவர் கதிரை எதுக்கு? மச்சான் எண்டதால நான் வாயை மூடிக்கொண்டு இருக்க ஏலாது" என்றார். கை தட்டினார்கள். கதிரை அவருக்கு வந்தது. யூஜீனியா ஒரு கிழமை அவருக்குத் தேத்தண்ணியைச் சீனி இல்லாமலே கொடுத்தாள்.

தொழிலில் அவர் மேசன். மாம்புரியிலிருந்து கரையோரமாக எத்தனையோ வீட்டுக் கிணற்றுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அவர் கைதான் பூசியது. தலைவரானதும் முதல் வேலையாகக் கரப்பானுக்கு மருந்து அடித்தார், பூத்துணியை எரித்தார், உருகிக் கிடந்த மெழுகையெல்லாம் சுரண்டி எடுத்தார். ஒரு மாதத்தில் கோயிலுக்குள் கரப்பான் என்று ஒன்று இல்லை. சும்மா சொல்லக்கூடாது, துப்புரவில் அவரைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது.

ஆனால் அவருடைய பேரை உயர்த்தியது துப்புரவு இல்லை, பாரம்.

தாழைமுனையில் ஒரு வழக்கம் இருக்கிறது. பெருநாளன்று சுரூபத்தைத் தண்டு கட்டிய கூட்டில் வைத்துத் தோளில் தூக்கிக்கொண்டு கடற்கரை வீதியால் போவார்கள். ஊருக்குள் சண்டையோ வஞ்சமோ இருந்தால் செபஸ்தியார் பாரமாகிவிடுவார். தூக்குகிறவர்கள் வழியில் வைத்துவிடுவார்கள். குற்றம் உள்ளவர் கூட்டத்திலிருந்து வெளியே வந்து, மணலில் முழங்காலில் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு பாரம் குறையும், பவனி போகும். யோசேப்பு தலைவராக இருந்த காலத்தில் எட்டுப் பேர் தூக்கினார்கள், அப்படியும் வழியில் இரண்டு தடவை வைத்தார்கள். இன்னாசிப்பிள்ளை வந்த முதல் வருடம், "என்னப்பா, இந்த முறை லேசா இருக்கு?" என்று தூக்கினவர்களே ஆச்சரியப்பட்டார்கள். அடுத்த வருடம் ஆறு பேர் போதுமாக இருந்தது. போன வருடம் நாலு பேர், அதிலும் ஒருவன் ஒரு கையால் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தான்.

"தலைமை சரியா இருந்தா ஊர் ஒற்றுமையா இருக்கும். ஊர் ஒற்றுமையா இருந்தா செபஸ்தியார் பாரமில்ல" என்று போன பெருநாள் சாப்பாட்டில் இன்னாசிப்பிள்ளை பேசினார். "வாற வருசமும் நாலு பேர்தான். இப்பவே எழுதிக்கொள்ளுங்க" என்றும் சொல்லி வைத்தார். கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். அந்த நாலு பேருக்குள்தான் அவருடைய மானம் முழுக்க இருந்தது.

இன்னொன்றும் நடந்திருந்தது. சுரூபத்தின் விலாவில் அம்பு தைத்த ஓட்டை ஒன்றிலிருந்து, கசகசா மாதிரி மண்ணிற மணிகள் உதிரத் தொடங்கியிருந்தன. கோயில் கூட்டுகிற யூஜீனியாதான் முதலில் கண்டாள். காயத்திலிருந்து உதிருகிற மணல்! அள்ளி ஒரு தகரப் பேணியில் போட்டு வைத்தாள். காய்ச்சல் வந்த பிள்ளைகளின் நெற்றியில் பூசினாள். புருசனுக்கு இருமல் வந்தால் தேத்தண்ணியில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிக் கொடுத்தாள். இருமல் நின்றது. அதுவும் ஊர் முழுக்கப் பரவியது.

இந்த வருடம் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, இன்னாசிப்பிள்ளை ஈரத் துணியால் சுரூபத்தின் காலைத் துடைத்தார். கெண்டைக்காலில் பெருவிரல் பட்டது. பட்ட விரல் உள்ளே போய்விட்டது.

சுட்ட பாணின் மேல்தோல் மாதிரி இருந்தது மரம். விரலை வெளியே எடுத்து, அந்த ஓட்டைக்கு மேலே துணியைச் சுற்றிவிட்டு, கோயில் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.  யாருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாளே புத்தளத்துக்கு பஸ் ஏறி, வீடுகளுக்குப் பூச்சி மருந்து அடிக்கிற கீதன் என்ற பொடியனைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொடியன் என்றால் முப்பது வயது. பூச்சிகளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. "கோயிலுக்குப் பெயின்ற் அடிக்க ஆள்" என்று ஊருக்குச் சொல்லி, மத்தியான வெயிலில் ஊர் படுத்துக் கிடக்கிற நேரம் பார்த்து உள்ளே கூட்டிப் போனார்.

கீதன் சுரூபத்தைச் சுண்டிச் சுண்டிக் கேட்டான். அம்பு ஓட்டையில் உதிர்ந்திருந்த மணியை உள்ளங்கையில் வைத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஐயா, இது கறையான். மண்ணுக்குள்ள இருந்து புத்துக் கட்டிக்கொண்டு வாற சாதி இல்ல. காய்ஞ்ச மரத்துக்குள்ளேயே பிறந்து, தின்று, குடும்பம் நடத்துற சாதி. தண்ணி வேண்டாம், மண் வேண்டாம். பாருங்க, ஒவ்வொரு மணிக்கும் ஆறு பக்கம் இருக்கு. அச்சில வார்த்த மாதிரி!"

"என்ன மணி அது?"

"அதுட பீ."

இன்னாசிப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டார். அன்று காலையும் இருமலுக்கு யூஜீனியா கலக்கிய தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"நான் கரப்பானை எல்லாம் கொன்றுபோட்டனே, தம்பி" என்றார் பலவீனமாக. "ஒண்டு விடேல்ல."

கீதன் சிரித்தான். "பாவம் ஐயா அது. கரப்பான் இந்த மரத்தைத் தொட்டிருக்காது. மெழுகு, பூ, பசை, சிந்தின பண்டம், இதுதான் அதுட சாப்பாடு. உங்களுக்கு ஒரு விசயம் தெரியுமா? ரெண்டும் ஒரே குடும்பம். கறையான் எண்டது ஒரு விதமான கரப்பான்தான். ஒரு காலத்தில மரம் தின்னப் பழகின கரப்பான் வம்சம் மரத்துக்குள்ளேயே தங்கி, கூட்டமாச் சேர்ந்து, ராசா ராணி வேலைக்காரர் எண்டு ஒரு ஊரே நடத்தத் தொடங்கிச்சு. மற்றது அப்பிடியே நிண்டிட்டுது. கரப்பான் முட்டைப் பையை ஒரு மூலையில போட்டிட்டுத் தன்பாட்டில போயிடும். கறையான் அப்பிடியில்ல, நல்ல ஒற்றுமை. ஆளை ஆள் ஊட்டிவிடும், துப்புரவாக்கிவிடும்."

"ஒற்றுமையோ?"

"அந்த மாதிரி ஒற்றுமை. கரப்பான் வெளியில வரும், ஓடும், பறக்கும், எல்லாரும் காணுவம், எல்லாரும் கத்துவம். ஒரு சேதமும் இருக்காது. இது வெளியில வராது. மேல்தோலை மட்டும் விட்டிட்டு உள்ளுக்கு முழுசாத் துடைச்சிரும். மூண்டு நாலு வருசமாப் பாரம் குறைஞ்சுகொண்டு வந்திருக்குமே, கவனிக்கேல்லையா?"

கவனிக்கவில்லையா! பேசியல்லவா இருந்தார் அதைப் பற்றி, ஒலிபெருக்கி வைத்து! இன்னாசிப்பிள்ளை வாங்கில் உட்கார்ந்துவிட்டார். மச்சானை இறக்கியது ஒன்றும் செய்யாத பூச்சி. தன்னைத் தூக்கி வைத்தது செபஸ்தியாரையே தின்ற பூச்சி. அவருக்கு முதலில் வந்தது வெட்கம் இல்லை, கோபம். அந்தக் கோபம் யார் மேல் என்று அவருக்கே விளங்கவில்லை.

கீதன் ஊசியால் ஓட்டை ஓட்டையாக மருந்து ஏற்றினான். "கறையான் செத்திரும். ஆனா உள்ளுக்கு ஒண்டும் இல்ல ஐயா. இப்பிடியே தூக்கினா இடுப்போட முறியும். மரவேலை தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க, லேசான பசை ஏதும் விட்டு நிரப்புவாங்க. சபைக்கும் சொல்லிப்போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சபைக்குச் சொல்வதா? "கனவான்களே, மூன்று வருடமாக உங்கள் ஒற்றுமை என்று நான் சொன்னது கறையானின் ஒற்றுமை" என்றா? மரவேலைக்காரனிடம் கொடுத்தால் அவனுக்கு வாய் இல்லையா? இன்னாசிப்பிள்ளை ஒரு இரவு யோசித்தார். மேசனுக்குக் கைவந்த மருந்து ஒன்றே ஒன்றுதான். அடுத்த நாள் மத்தியானம் சுரூபத்தைச் சாக்கு விரித்துப் படுக்கவைத்து, அடிப்பலகையைக் கழற்றி, அரைப் பை சீமெந்தும் இரண்டு தாச்சிச் சட்டி மணலும் குழைத்து உள்ளே விட்டார். மூன்று மத்தியானம், கொஞ்சம் கொஞ்சமாக. கெண்டைக்கால் ஓட்டையைப் பூசி வர்ணம் அடித்தார். நல்ல வேலை. தட்டினால் ணங்கென்று சத்தம் வந்தது. இனி ஆயிரம் வருடத்துக்கு முறியாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சுரூபத்தை நிமிர்த்தப் போனார்.

நிமிரவில்லை.

ஒரு தென்னங்கட்டையை அண்டக் கொடுத்து, சுவரில் சாய்த்து, மூச்சு வாங்க வாங்க ஒருவழியாக நிறுத்தினார். அப்போதுதான் உறைத்தது. முறியாமல் இருக்க வேண்டும் என்று மட்டுமே யோசித்தவர், தூக்க வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை. "மரம் இருந்த இடத்திலதானே சீமெந்து இருக்கு, பழைய பாரம்தான் வரும்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மேசனாய் இருந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. தூக்குகிறவர்களை எட்டுப் பேராக்கலாம். ஏன் என்று கேட்பார்களே?

பெருநாளுக்கு இரண்டு நாள் முந்தி யூஜீனியாவுக்கும் தவமலருக்கும் சண்டை வந்தது. தவமலர் யுத்தத்தில் முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்து இங்கே குடியேறிய பெண், புருசன் கடலில் மூழ்கிப் போய்விட்டான், கருவாடு போட்டு விற்று ஒரு பெட்டையைப் படிப்பிக்கிறாள். இங்கே வந்து முப்பது வருடத்துக்குக் கிட்டவாகிறது, இன்னும் ஊருக்கு அவள் "வந்த பிள்ளை". யூஜீனியாவின் கோழிகள் அவளுடைய கருவாட்டைக் கொத்த, அவள் தடியால் எறிய, ஒரு கோழி நொண்டிவிட்டது. இரண்டு பேரும் வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று ஊருக்கே கேட்கக் கிழித்தார்கள். வழக்கமான சண்டைதான்.

பெருநாள் வந்தது. பின்னேரப் பூசை முடிந்து கூட்டைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். அதில் யோசேப்பும் ஒருவர்; பழைய தலைவருக்கு மரியாதைக்காக ஒரு தண்டு. "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றதும் நாலு முகமும் ஒரே நேரத்தில் கறுத்தது. எப்படியோ தோளில் ஏற்றிவிட்டார்கள். தலைவருக்குரிய பித்தளைப் பூண் பிரம்போடு இன்னாசிப்பிள்ளை முன்னால் நடந்தார். பாண்ட் வாத்தியத்துக்கு மேலால் பின்னுக்கு வருகிற மூச்சுச் சத்தம் அவருக்குக் கேட்டது. மீன் வாடியைத் தாண்டவில்லை, கூட்டை இறக்கிவிட்டார்கள்.

"ஏலாது. கல்லு மாதிரிப் பாரம்" என்றார் யோசேப்பு.

வாத்தியம் நின்றது. கூட்டம் முழுவதும் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வஞ்சம் இருக்கு. ஆர்? மூன்று வருடமாக இல்லாத பாரம்! பார்வைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தவமலரின் பக்கம் திரும்பின. "தலைவர்ட மனுசியோட கோழிக்குச் சண்டை பிடிச்சவள்தானே?" என்றது ஒரு குரல். "வந்து முழங்கால்ல நில்லு பிள்ளை, நேரம் போகுது" என்றது இன்னொன்று.

"நான் என்ன செய்தனான்?" என்றாள் தவமலர். "ஒரு கோழிக்கா? கோழிக்கோ செபஸ்தியார் பாரமாகிறார்?"

யூஜீனியாவே சங்கடப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பெண்கள் தவமலரின் கையைப் பிடித்து முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். அடித்து இழுக்கவில்லை, அன்பாகத்தான்; அதுதான் இன்னும் மோசம். யாரோ "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார்கள், கூட்டம் சேர்ந்து சொன்னது. இன்னாசிப்பிள்ளை பிரம்பின் பித்தளைப் பூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது சொல்லிவிடலாம். இந்த மந்திரம் முடியட்டும். அடுத்தது முடியட்டும். அவளே மாட்டேன் என்று திரும்பிப் போய்விட்டால் நல்லது. ஐந்தாவது மந்திரம் முடிகிறபோது தவமலர் மணலில் முழங்காலில் நின்றாள். அவளுடைய மகள் கூட்டத்துக்குள் நின்று அழத் தொடங்கினாள்.

அந்த அழுகைதான் அவரைத் தள்ளியது. பிரம்பைக் கீழே போட்டார். தானும் மணலில் முழங்காலில் விழுந்தார்.

"இவளை விடுங்க! இவளில ஒண்டும் இல்ல!" குரல் உடைந்து வந்தது. "சுரூபத்தைக் கறையான் அரிச்சுப்போட்டுது. மூண்டு வருசமாப் பாரம் குறைஞ்சது என்னால இல்ல, கறையானால. இப்ப பாரம் கூடினது இவளால இல்ல, நான் உள்ளுக்கு விட்ட சீமெந்தால. அரைப் பை சீமெந்து, ரெண்டு தாச்சி மணல். என்ட கையாலதான் விட்டன். மறைச்சுப்போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்க."

 யோசேப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூக்குங்கடா!" என்றார். நாலு பேரும் குனிந்தார்கள். பக்கத்தில் நின்ற இன்னும் நாலைந்து பேர் உணர்ச்சி வசப்பட்டுக் கை கொடுத்தார்கள். கூடு மேலே போனது.

"குறைஞ்சிட்டுது!" என்று ஒருவன் கத்தினான். "ஓம், குறைஞ்சிட்டுது! பஞ்சு மாதிரி!"

"எப்பிடியடா குறையும்? சீமெந்து உள்ளுக்குத்தானே கிடக்கு!" என்று இன்னாசிப்பிள்ளை கத்தியது பாண்ட் சத்தத்தில் எடுபடவில்லை. பவனி போய்விட்டது.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் அவர் கதிரையை விடத் தயாராகப் போனார். ஒருவரும் விடவில்லை. சீமெந்துக் கதையை ஊரில் ஒரு குஞ்சும் நம்பவில்லை. ஒரு பெண்ணை வெட்கத்திலிருந்து காப்பாற்றத் தலைவர் தன் தலையில் பழியைப் போட்டுக்கொண்டார், அதுவும் செபஸ்தியாருக்குள் கறையான் என்று ஒரு நம்பமுடியாத கதையைக் கட்டி. என்ன பெரிய மனசு! அடிப்பலகையைக் கழற்றிக் காட்டுகிறேன் என்றார். "சுரூபத்தில கை வைக்க வேண்டாம் தலைவர், நாங்க உங்களை நம்புறம்" என்று சொல்லி நம்ப மறுத்தார்கள். பிறகு ஒரு தீர்மானம் எழுதினார்கள்: தவமலர் முழங்காலிட்ட உடனே பாரம் குறைந்தபடியால், வருகிற வருடம் தூக்க முந்தியே அவளைக் கூப்பிட்டு நிறுத்துவது. இன்னாசிப்பிள்ளை கையெழுத்துப் போடாமல் எழும்பி வந்தார். அதையும் அவருடைய பெருந்தன்மையில் சேர்த்துக்கொண்டார்கள்.

வாசலில் யோசேப்பு தோள்பட்டைக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு நின்றார். "இன்னும் நோகுது மச்சான். சீமெந்துதான் அது, எனக்குத் தெரியும். ஒரு இறாத்தல் கூடக் குறையேல்ல."

"அப்ப ஏன் குறைஞ்சிட்டுது எண்டு கத்தினீங்க?"

"எல்லாரும் கத்தினாங்க" என்றார் யோசேப்பு. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு கரப்பான். அது எல்லாருக்கும் முன்னால வந்து என்னை விழுத்திப்போட்டுது. உனக்கு ஒரு கறையான். அதை நீயே இழுத்து வெளியில போட்டாலும் உன்னை விழுத்தாதாம். குடுத்து வச்சவன்."

இன்னாசிப்பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே தவமலரின் வளவுக்குப் போனார். அவள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். தீர்மானத்தைச் சொன்னார். தான் எதிர்த்ததைச் சொன்னார், கையெழுத்துப் போடாததைச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே புரட்டினாள்.

"நீயாவது என்னை நம்புறியா, பிள்ளை? சீமெந்துதான். சத்தியமாச் சீமெந்து."

"நம்புறன் அண்ணை. எனக்குத் தெரியும், நான் ஒண்டும் செய்யேல்ல எண்டு. அப்ப வேற ஏதோதானே இருக்க வேணும்." கையில் ஒட்டியிருந்த உப்பைத் தட்டிவிட்டாள். "நான் முழங்கால்ல நிக்க முந்திச் சொல்லியிருந்தீங்கள் எண்டா அவங்களும் நம்பியிருப்பாங்க."

"ஓம்" என்றார் இன்னாசிப்பிள்ளை.

"அவை மந்திரம் சொல்லிக்கொண்டு இருக்கேக்க நான் உங்கட முகத்தைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான். உங்களுக்கு ஏதோ தெரியும் எண்டு எனக்கு விளங்கிட்டுது. இப்ப சொல்லுவார், இப்ப சொல்லுவார் எண்டு பாத்தனான்."

 அவள் அடுத்த பாயில் கிடந்த மீனைப் புரட்டப் போனாள்.